செருப்புத் தேடும் காட்சி

"மாமோய்ய்ய்! என்னைய விட்டுட்டுப் போவாத மாமோய்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோமதி அக்கா வீட்டு அடுக்களையில் நான் உட்கார்ந்து இட்லியைப் பிட்டு, மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் போதவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் இந்தச் சத்தம் கேட்டது. பிறகு கைதட்டல். பிறகு நாலைந்து பையன்கள் ஓடும் சத்தம். கடைசியாகத் தெருமுனையில் சிரிப்பு.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஈடு இட்லியைத் தட்டில் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீர் தெளித்து உரித்தாள்.

"போன வாரம் 'கண்ணாளா'ன்னுல்லா கத்துனானுவ," என்றேன். "இந்த வாரம் மாமோய் ஆயிட்டு."

"மாத்தி மாத்தித்தான் கத்துவானுவ. ஒண்ணையே கத்துனா அவனுவளுக்கும் சலிச்சுரும்லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் சாயங்காலம் கேபிளில் போட்ட படத்தில், கதாநாயகனின் சிநேகிதன் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவான். புடவை கட்டிய ஓர் உருவம் திறக்கும். கைதட்டும். 'மாமோய்' என்று அவன் மேல் விழும். அதற்கு முந்தின சனிக்கிழமைப் படத்தில், பஸ் ஸ்டாண்டில், 'கண்ணாளா'. அதற்கும் முந்தின சனிக்கிழமை ஏதோ பக்திப் படம் போட்டார்கள். அந்த ஞாயிறு வாசல் அமைதியாக இருந்தது. பையன்கள் திருந்திவிட்டார்கள் என்றுகூட அக்கா சொன்னாள்.

நான் அப்போது கணக்குப் பாடத்தில் கடைசி வருஷம். மூன்று புள்ளிகளை வைத்துக் கோடு போடக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"அக்கா, சனிக்கிழமை என்ன படம்னு தெரிஞ்சாப் போதும். ஞாயித்துக்கிழமை ஒன்னைய என்னன்னு கூப்பிடுவானுவன்னு முன்னாலயே சொல்லிரலாம்."

"சொல்லி?" என்றாள் அக்கா. "பொடிக்கு எண்ணெ விடவா?"

அக்காவும் நானும்

கோமதி அக்கா பிறந்தபோது வீட்டில் பையன் என்று சொன்னார்கள். அது தப்பு என்று அக்காவுக்குச் சின்ன வயசிலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு இன்னும் தெரியவில்லை. அக்கா கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவள். மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்கு ஊற்றுகிற தேங்காய்ப்பால் சொதி அக்கா கையால்தான் என்று வண்ணார்பேட்டையில் சில குடும்பங்கள் பிடிவாதமாக இருந்தன. அவர்கள் வீட்டில் சமைக்கலாம். அவர்கள் வீட்டை வாடகைக்குக் கேட்டால்தான் 'வேற ஆள் வந்துட்டே' என்பார்கள்.

என் கதை இன்னும் சுருக்கம். வீட்டில் சுப்பிரமணியன் என்று பெயர் வைத்து மணி என்று கூப்பிட்டார்கள். மணி ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும். என் பெற்றோர் தங்களை அறியாமல் எனக்குச் செய்த பெரிய உதவி அது. எனக்கு வேட்டியும் சரியாக உட்காரவில்லை, புடவையும் உட்காரவில்லை. அம்மா 'ஏலே' என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். கிண்டலுக்கு யாராவது பெண்ணைக் கூப்பிடுவதுபோல 'ஏளா' என்றால் அதற்கும் அப்படித்தான் இருக்கும். கோமதி அக்கா மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு வெறுமனே 'ஏ மணி' என்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டு இட்லிக்குப் போனதற்கு அந்த 'ஏ'தான் காரணம். இட்லியும் நன்றாக இருக்கும்.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் 'நீங்கள் எழுதுவதை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியவில்லையே' என்று குறைப்பட்டார். அதற்கு நான் பொறுப்பல்ல, தமிழ்தான் பொறுப்பு. வந்தேன், தின்றேன், ஓடினேன் என்று எழுதினால் யார் வந்தது என்று மொழி கேட்பதில்லை. அடுத்தவர் என்னைப் பற்றி எழுதும்போதுதான் தகராறு. அதனால்தான் நானே எழுதிக்கொள்கிறேன்.

இருக்கைக்கு அடியில்

அக்காவை நான் சந்தித்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். அது நடந்தது ஜங்ஷன் பக்கத்தில் ஒரு தியேட்டரில், தரையில்.

வகுப்புப் பையன்களோடு போயிருந்தேன். படம் பாதியைத் தாண்டியதும் திரையில் அந்த ஆள் வந்தார். எல்லாப் படத்திலும் வருகிறவர்தான். மழித்த தாடை பச்சையாகத் தெரியும். புடவையை யாரோ மூட்டை கட்டுகிற அவசரத்தில் சுற்றிவிட்டிருப்பார்கள். அவருக்குக் கதையில் ஊரும் கிடையாது, பெயரும் கிடையாது, வேலையும் கிடையாது. கைதட்டுவார், கட்டைக் குரலில் கொஞ்சுவார், கதாநாயகன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடுவான். தியேட்டரே விசில் அடிக்கும்.

பக்கத்தில் இருந்தவன் என் விலாவில் இடித்தான். "ஏலே மணி, ஒங்காளு வந்திருக்காவ பாரு."

என் ஆள்தானா என்று எனக்கே தெரியாது. நான் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தேன். செருப்பு காலில்தான் இருந்தது. அந்தக் காட்சி வந்தால் செருப்பைத் தேடுவது என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து என் பழக்கம். இருக்கைக்கு அடியில் பீடித் துண்டு, முறுக்குத் துணுக்கு, சோடா மூடி, பினாயில் வாடை. எல்லாம் நன்கு பழகிய இடம்.

அன்றைக்கு அங்கே இன்னொரு தலை இருந்தது. மல்லிகைப்பூ வைத்த தலை. என் தலையில் மடார் என்று முட்டியது.

"கெடச்சுட்டா?" என்று கேட்டது அந்தத் தலை.

"இன்னும் இல்ல," என்றேன்.

"காட்சி முடியட்டும். கெடச்சுரும்."

அதுதான் கோமதி அக்கா. எனக்கு மட்டும்தான் இந்தப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அந்த நேரத்தில் செருப்பைத்தான் தேடுகிறார்கள் என்று அக்கா பிறகு சொன்னாள். மீதிப் பேர் முறுக்கு வாங்கப் போய்விடுவார்களாம்.

அக்காவுக்குச் சினிமா என்றால் உயிர் என்பதையும் சொல்ல வேண்டும். புதுப் படம் எதையும் விடமாட்டாள். அழுகிற இடத்தில் முந்தானை நனைய அழுவாள். அந்த ஒரு காட்சிக்காக மற்றதை எல்லாம் விட அவளுக்கு மனசில்லை. குனிந்துவிட்டு நிமிர்ந்துகொள்வாள். இருபது வருஷமாக அப்படித்தான் படம் பார்த்திருக்கிறாள்.

எங்களை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதுவரை இருந்த சொற்கள் எல்லாம் கல்லைப் போல எறிவதற்கே லாயக்கு. இப்போது அரவாணி என்று ஒரு சொல் வந்திருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. சினிமாக்காரர்கள் காதில் விழுகிறவரை வைத்துக்கொள்ளலாம்.

டிராயிங் மாஸ்டரின் கெடு

அந்த இட்லி ஞாயிறுக்கு அடுத்த நாள், மாடியிலிருந்து வீட்டுக்கார சார்வாள் இறங்கி வந்தார். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். அதிர்ந்து பேசமாட்டார்.

"உங்க மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்," என்றார் அக்காவிடம். "நீங்க போடுத கோலம்கூட ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கு. எங்க ஸ்கூல்ல எந்தப் பயலும் அப்படிப் போட்டதில்ல. ஆனா வாசல்ல இந்தச் சத்தம். பொங்கலுக்குள்ள நிக்கலன்னா வேற எடம் பாத்துக்கிடுங்க."

"நானா சார்வாள் கத்துதேன்?" என்றாள் அக்கா.

"நீங்க கத்தல. நீங்க போனா அவனுவளும் போயிருவானுவ."

ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் வெளிச்சம் என்று படம் போட்டுப் பழகிய கை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

இந்த வீட்டைப் பிடிக்க அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோப்புப் பக்கம் ஓர் ஓட்டு வீடு கிடைக்கும் என்றார்கள். ஆனால் முகூர்த்தத்துக்கு விடியற்காலம் அடுப்பு மூட்ட வேண்டியவள் அங்கிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பாள்? இங்கிருந்து போனால் வேலையும் போகும்.

பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. "கேபிள்காரரப் பாப்போம்," என்றேன்.

காற்று மெஷினுக்கு

கேபிள்காரர் இசக்கி, சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை வைத்திருந்தார். இரண்டு வி.சி.ஆர்., ஒரு டி.வி., தரையெல்லாம் வயர். மேஜை ஃபேன் வி.சி.ஆரைப் பார்த்துச் சுற்றியது. இசக்கி வேர்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷினுக்குத்தான் காத்து," என்றார். "எனக்கு வேர்த்தாப் படம் நிக்காதுல்லா."

விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"படத்த வெட்டச் சொல்லுதியளா? நான் என்ன சென்சார் போர்டா?"

"வெட்ட வேண்டாம் அண்ணாச்சி. நடுவுல வெளம்பரம் போடுதியல்லா, அத அந்த எடத்துல போடுங்க."

"காமெடி ஓடும்போது வெளம்பரம் போட்டா சனம் வந்து வயர அறுத்துரும்வே."

கூட வந்திருந்த அக்கா சொன்னாள்: "படத்துல அது ஒரு நிமிசம் அண்ணாச்சி. எனக்கு அது ஒரு வாரம்."

இசக்கி அக்காவை உற்றுப் பார்த்தார். "என் தங்கச்சி மறுவீட்டுக்குச் சொதி வச்சது நீங்கதான?"

"ஆமா."

"இஞ்சிப் பச்சடி?"

"அதுவும்."

"சரி," என்றார் இசக்கி.

அந்தக் காலத்தில் அவரிடம் இருந்த விளம்பரங்களில் குரல் உள்ளது ஒன்றே ஒன்று. பக்கத்துப் பாத்திரக்கடைக்காரருடையது. கடை முதலாளியே பேசியிருப்பார், சாவுத் தகவல் சொல்கிற குரலில்: "அண்டா இருக்கு. குண்டா இருக்கு. தவலை இருக்கு. உங்க வீட்டுல இடம் இருக்கா?"

அந்தச் சனிக்கிழமை நாங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். படத்தில் ஒரு கதவு திறந்தது. புடவைக் கரை தெரிந்தது. இரண்டு கைகள் தட்டுவதற்காக உயர்ந்தன. சட்டென்று திரை முழுக்கப் பித்தளை. "அண்டா இருக்கு" என்றார் முதலாளி. நான் எழுந்து குதித்தேன். அக்கா, குனியாமல் படம் பார்த்துப் பழக்கமில்லாதவள், கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது

மறுநாள் காலை வாசலில் கைதட்டல் கேட்டது.

"அண்டா இருக்கு! குண்டா இருக்கு! உங்க வீட்டுல இடம் இருக்கா?"

நான் யோசிக்காத விஷயம் ஒன்றுதான். அந்தப் படத்தைத் தெருவே தியேட்டரில் பார்த்திருந்தது. எந்த இடத்தில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் அண்டா வந்தால், அண்டா யார் என்று புரிந்துகொள்ள நாலாம் வகுப்புப் போதும். தவிர, படம் வாரத்தில் ஒரு நாள். விளம்பரம் தினமும் காலையிலும் மாலையிலும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்த கூச்சலை வாரம் முழுவதற்கும் நீட்டித்துக் கொடுத்திருந்தேன். கணக்கில் இதைப் பெருக்கல் என்பார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மாமோய்னு கத்துனாக்கூட ஒண்ணும் தோணல மணி. இது நெசமான கேள்வில்லா."

இரண்டு மூன்று நாளில் பாத்திரக்கடை முதலாளி இசக்கியின் மாடிக்கு ஏறி வந்தார். நானும் அங்கே இருந்தேன். நான் அப்போது கல்லூரியைவிட அங்கேதான் அதிகம் இருந்தேன்.

"வே இசக்கி, என் வெளம்பரத்த எங்கவே கொண்டு சொருவுன? கடைக்கு வார பொம்பளையெல்லாம் அண்டான்னு சொல்லாம 'அது இருக்கா'ன்னு கேக்காவ. சிரிச்சுக்கிட்டே போயிருதாவ."

"புதுசா ஒண்ணு எடுத்துருவோம் மொதலாளி," என்று நான் முந்திக்கொண்டேன். "கோமதி அக்காவையே பேச வைப்போம். ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவ. அண்டாவப் பத்தி அவ சொன்னா யாரு சிரிப்பா?"

"எல்லாவனும் சிரிப்பான்," என்றார் முதலாளி. பிறகு யோசித்தார். "இப்பவும் சிரிக்கத்தான செய்யுதான்."

அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஊரே என் மூஞ்சியப் பாக்கும்."

"இப்ப பாக்கலயாக்கா?"

"இப்ப வேற எவன் மூஞ்சியவோ பாத்துட்டுல்லா வந்து என்னையக் கூப்பிடுதானுவ," என்றாள். சொன்னது அவளுக்கே உறைத்தது. "சரி, வரச் சொல்லு."

அந்த மாதிரி பேசுங்க

கல்யாண வீடியோ கேமராவோடு இசக்கி வந்தார். அக்கா வீட்டுப் புறவாசலில் கடை அண்டாக்களை வரிசையாக வைத்தோம். அக்கா சமையலுக்குப் போகிற சுங்குடிப் புடவையில் வந்து நின்றாள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அக்கா பேசினாள். இசக்கி கேமராவை இறக்கினார்.

"அக்கா, இது சாதாரணமா இருக்கு. கொஞ்சம் அந்த மாதிரி பேசுங்களேன்."

"எந்த மாதிரி?"

"படத்துல பேசுவாவல்லா. இழுத்து. ஆரம்பத்துல கைய ஒரு தட்டு தட்டிட்டு."

எங்களில் தட்டுகிறவர்கள் உண்டு. கோபத்துக்கு ஒரு தட்டு, வாழ்த்துக்கு ஒரு தட்டு, ஆளைக் கூப்பிட ஒரு தட்டு. அதற்கெல்லாம் இடம் உண்டு, காரணம் உண்டு. சினிமா அதில் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அக்கா கைதட்டி நான் பார்த்தது மாவு உதறும்போது மட்டும்தான்.

ஆனாலும் அக்கா முயன்றாள். விளம்பரம் சரியாக வர வேண்டும் என்று மனசாரவே முயன்றாள். தட்டினாள், எங்கிருந்தோ ஒரு பூனை ஓடியது. குரலை இழுத்தாள், பந்தியில் உப்பு கேட்பதுபோல இருந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. இசக்கி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"வரல அண்ணாச்சி," என்றாள் அக்கா கடைசியில். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "அது நடிக்கிறவங்களுக்குத்தான் வரும். நான் எங்க போய்ப் படிக்க?"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏ இசக்கி, அவ எப்பவும் பேசுதாப்ல பேசட்டும். எனக்கு அண்டாதான்வே விக்கணும்."

கேமரா மறுபடி ஓடியது. அக்கா ஓர் அண்டாவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். விரல் முட்டியால் தட்டினாள். ணங் என்றது.

"இந்தச் சத்தம் வந்தா வாங்குங்க. சளசளன்னு கேட்டா வாங்காதிய, அடி பிடிச்சுரும். சொதி வைக்கணும்னா பைய எரியணும், அதுக்குக் கனம் வேணும்." முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். நேராகப் பார்த்தாள். "அண்டா இருக்கு. குண்டா இருக்கு. உங்க வீட்டுல இடம் இருக்கா?"

அந்தக் கேள்வி முதலாளி குரலில் வந்தபோது சிரிப்பாக இருந்தது. அக்கா கேட்டபோது யாரும் அசையவில்லை. கேமராகூட அசையவில்லை.

"இருக்கு, இருக்கு. எதுக்கு இவ்வளவு சத்தம்?"

எல்லோரும் திரும்பினோம். மாடிப்படியில் சார்வாள் நின்றார், கையில் மூக்குக்கண்ணாடி. அண்டாச் சத்தம் தாங்காமல் இறங்கி வந்தவர். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவது வாத்தியார் புத்தி. என்ன கேள்வி என்று அவர் பிறகுதான் யோசித்திருக்க வேண்டும்.

இருக்கு, இருக்கு

இசக்கியிடம் வெட்டி ஒட்டும் மெஷின் கிடையாது. எடுத்தது எடுத்தபடி ஓடியது. அக்கா கேட்பாள், சார்வாள் குரல் 'இருக்கு, இருக்கு' என்று பதில் சொல்லும். காலையிலும் மாலையிலும்.

பையன்கள் நிறுத்தவில்லை. அது வேறு கதைகளில் நடக்கும். வாசலில் வந்து 'இடம் இருக்கா' என்று இப்போதும் கத்தினார்கள். ஆனால் கைதட்டவில்லை. விளம்பரத்தில் கைதட்டல் இல்லை. அதற்குப் பதிலாக அக்கா வீட்டுக் கதவை விரல் முட்டியால் தட்டிவிட்டு ஓடினார்கள். எதிர் வீட்டிலிருந்து யாராவது 'இருக்கு, இருக்கு' என்பார்கள். சார்வாள் பால் வாங்கப் போனால் பால்காரர் கேட்பார், "இடம் இருக்கா சார்வாள்?" அவரும் பழக்கதோஷத்தில் "இருக்குவே" என்பார்.

பொங்கலுக்கு முந்தின நாள் அக்கா கேட்டே விட்டாள். "சார்வாள், நான் எடம் பாக்கணுமா?"

சார்வாள் கண்ணாடியைத் துடைத்தார்.

"எப்படிம்மா? ஊருக்கே இருக்குன்னு சொல்லியாச்சு. இப்ப இல்லன்னா என்னைய என்ன நெனைப்பாவ?"

அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டி ஒன்றில் சொதி மாடிக்குப் போனது.

ஆனால் சனிக்கிழமைப் படம் அப்படியேதான் இருந்தது. அதே தாடை, அதே மூட்டைப் புடவை. இசக்கி அந்த இடத்தில் இப்போது அக்காவின் விளம்பரத்தைப் போட்டார். தியேட்டருக்கு நாங்கள் எந்த அண்டாவைக் கொண்டுபோய் மறைப்பது?

பொங்கல் கழிந்ததும் மாடி ஏறினேன். "அண்ணாச்சி, அஞ்சு நிமிசம் ஒரு நாடகம் எடுப்போம். நானே எழுதுதேன். நடிக்கதும் நாங்களே."

"காமெடியா?"

"சிரிப்பு வந்தாச் சிரிக்கலாம்."

"நீ ஆம்பள வேசமா, பொம்பள வேசமா?"

"மணி வேசம்."

இசக்கி ஃபேனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். யோசிக்கிறார் என்று அர்த்தம். "கதை என்ன?"

அக்காவுக்காவது சினிமாவில் ஒரு காட்சி உண்டு, கெட்ட காட்சியானாலும். என்னைப் போன்ற ஆளுக்கு அதுவும் கிடையாது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்து எழுத ஒன்றும் இல்லை. அதனால் கண் முன்னால் இருந்ததை எழுதியிருந்தேன்.

"கதவு தொறக்கும். ஒருத்தர் வருவாவ. பேரு மணி. உள்ள ஒரு அக்கா இட்லி அவிச்சுக்கிட்டு இருப்பா. 'ஏ மணி, உக்காரு'ம்பா. மணி உக்காந்து தின்னும்."

"பெறவு?"

"பொடிக்கு எண்ணெ பத்தாது. கேக்கும்."

"இதுல சனம் என்னவே செய்யும்?"

அதைத்தான் நானும் பார்க்க வேண்டும் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு அடுக்களை, வெளிச்சம் ஜன்னல் வழியாக வரும், இட்லி நிஜ இட்லி. அடுத்த சனிக்கிழமை படத்துக்கு முன்னால் போட இசக்கி ஒத்துக்கொண்டார். அந்த அஞ்சு நிமிஷம் தெருவில் யாராவது செருப்பைத் தேடுகிறார்களா என்று பார்ப்பது என் வேலை.